தாமதத்துக்குக் காரணம்

கோல்ட் புரூக், மேய்ன்
5 செப்டம்பர் 2004

அன்புள்ள ஒடெட் அக்காவுக்கு,

நான் நலம். உன் முட்டி எப்படி இருக்கிறது? மாடியில் படுப்பதை விட்டுவிட்டுக் கீழறைக்கு வந்துவிடு என்று போன வருடமே சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

கூரையின் வடபக்கத்தை மாற்றிவிட்டேன். ஆப்பிள் இந்த வருடம் சின்னதாகத்தான் காய்த்திருக்கிறது, ஆனால் நல்ல புளிப்பு. உன் மகள் ஜோஸ்லின் நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கோராவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஆப்பிளைக் கடிக்க முடியாமல் என் மேல் கோபித்துக்கொண்டாள்.

இன்னொன்று. நான் இப்போது குச்சி ஆலைக்குப் போவதில்லை. ஆகஸ்ட் இருபதோடு முடிந்தது. இருபத்தாறு வருடம் ஐஸ்கிரீம் குச்சி அறுத்தாயிற்று, போதும் என்று வைத்துக்கொள். கவலைப்படாதே.

உன் மாத்திரைகளை நேரத்துக்குப் போடு.

தம்பி,
லியோ


ஃபோர்ட் கென்ட்
11 செப்டம்பர் 2004

அன்புத் தம்பி லியோவுக்கு,

நான் சுகம். உன் இரத்த அழுத்தம் என்ன சொல்கிறது? இங்கே உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கூடங்களை அடுத்த வாரம் மூடுகிறார்கள். ஆசிரியர் வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும், எனக்கே விடுமுறை கிடைத்தது போல மனசு துள்ளுகிறது.

“போவதில்லை” என்று எழுதியிருக்கிறாய். நீ விட்டாயா, அவர்கள் விட்டார்களா? இரண்டும் ஒன்றல்ல. நீயாகக் கோபித்துக்கொண்டு வந்திருந்தால் அரசாங்கத்தின் வேலையிழப்பு உதவித்தொகை கிடைக்காது. அவர்கள் நிறுத்தியிருந்தால், எதற்காக நிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. ஐம்பத்தொன்பது வயதில் இந்த மாவட்டத்தில் இன்னொரு ஆலை உனக்குக் கதவைத் திறக்கப் போவதில்லை. அந்த உதவித்தொகை இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்டுவாயா? வீட்டுக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறதே. நேராகப் பதில் எழுது.

சூப்பில் உப்பைக் குறை.

அக்கா,
ஒடெட்


கோல்ட் புரூக்
25 செப்டம்பர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அழுத்தம் அப்படியேதான் இருக்கிறது.

நேராகவே எழுதுகிறேன். தாமதமாக வந்ததற்காக நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆலையில் ஒரு தாமதத்துக்கு ஒரு புள்ளி. வருடத்தில் பன்னிரண்டு சேர்ந்தால் வேலை போய்விடும். எனக்குப் பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டுக்குள் சேர்ந்துவிட்டது. மேற்பார்வையாளன் ஜெரால்டு நல்லவன். ஒன்பதாவது புள்ளியின்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “யோவ் லியோ, இருபத்தஞ்சு வருஷம் சங்கு ஊதுறதுக்கு முன்னாடி வந்து நின்ன ஆளுய்யா நீ. என்னாச்சு உனக்கு? எவளாச்சும் மாட்டிக்கிட்டாளா?” என்று கேட்டான். “அந்த அதிர்ஷ்டம் நமக்கு ஏது?” என்றேன். எச்சரிக்கைத் தாளை நீட்டினான். கையெழுத்துப் போட்டேன்.

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள். ‘பணியில் தவறான நடத்தை’ என்று எழுதியிருக்கிறது. மேல்முறையீடு செய்தால் தொலைபேசியில் விசாரிப்பார்களாம். உனக்காகத்தான் அந்தத் தாளை நிரப்பி அனுப்பினேன்.

ஜோஸ்லின் சுகம். உனக்கு முத்தம் என்று எழுதச் சொன்னாள்.

லியோ


ஃபோர்ட் கென்ட்
30 செப்டம்பர் 2004

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே கோட்டை மாட்டிக்கொண்டு இங்குள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். முட்டி வலி பேருந்தில் ஏறும்போது மட்டும்தான்.

வகுப்பில் நான் சொல்லும் ஓர் உதாரணம் உண்டு. மணி அடித்த பிறகு இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஒருத்தி தம்பிக்குக் காய்ச்சல் என்று தண்ணீர் சுடவைத்துக் கொடுத்துவிட்டு வருகிறாள். இன்னொருத்தன் கடைக்குப் பின்னால் நின்று ஆற்றில் கல் எறிந்துவிட்டு வருகிறான். வருகைப் பதிவேட்டில் இரண்டு பேருக்கும் ஒரே குறிதான். ஆனால் இரண்டும் ஒன்றா? சட்டமும் இதையேதான் கேட்கிறது. அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்.

“அம்மா, தாமதமா வந்தாரா இல்லையான்னு அங்க யாரும் சண்டை போட மாட்டாங்க. ஏன்னுதான் கேப்பாங்க. முதலாளிக்கு என்ன ஆனா எனக்கென்னன்னு வேணும்னே செஞ்சாத்தான் தவறான நடத்தை. வீட்ல யாருக்கோ முடியல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், அப்படி ஏதாச்சும் நியாயமான காரணம் இருந்தா அது வேற.”

“என் தம்பி சும்மா தூங்கிட்டு வர்ற ஆள் இல்லம்மா.”

“அப்போ அவரையே சொல்லச் சொல்லுங்க. சொல்லாத காரணத்தை நாங்க எப்படி எழுதிக்கிறது?”

ஆகவே லியோ, சொல். விசாரணையில் சொல். அதற்கு முன் எனக்கு எழுது. உனக்கு ஏதாவது நோயா? மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தாயா?

ஜோஸ்லினைப் பற்றி நீ எழுதுவதுதான் எனக்கு ஆறுதல். அந்தப் பழக்கத்தில் என் மகள் எப்படிக் கிடந்து எப்படி எழுந்தாள், பார்த்தாயா? மருந்தகம், ஆலோசனைக் கூட்டம் என்று எங்கும் அலையவில்லை. அன்றைக்கு நான் சொன்ன ஒரு சொல்தான். “இன்னொரு தடவைன்னா எனக்குப் பொண்ணே இல்ல.” கடுமையான சொல்தான். ஆனால் சில பிள்ளைகளுக்கு அது தேவைப்படுகிறது. எல்லா அம்மாக்களுக்கும் அந்தத் தைரியம் வருவதில்லை.

குளிர் தொடங்கிவிட்டது. காதை மூடிக்கொள்.

அக்கா


கோல்ட் புரூக்
24 அக்டோபர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நோய் ஒன்றுமில்லை. இலை எல்லாம் கொட்டிவிட்டது. வாரி முடித்தேன்.

விசாரணை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது. சமையலறை மேசையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசாரணை அதிகாரி ஒரு பெண், மரியாதையான குரல். ஆலையின் பக்கம் ஜெரால்டும், பணியாளர் அலுவலகத்து டார்லீனும் இருந்தார்கள். உனக்கு டார்லீனைத் தெரியும், கோராவின் அப்பாவுக்கு அக்கா.

டார்லீன் பதிவேட்டை வாசித்தாள். “மார்ச் ஒம்பது, பதினோரு நிமிஷம் தாமதம், காரணம் மூஸ் மான். மார்ச் பதினேழு, பன்னண்டு நிமிஷம், காரணம் மூஸ் மான். ஏப்ரல் ஆறு, பத்து நிமிஷம், மூஸ் மான்.”

எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். யார் தாமதமாக வந்தாலும், ரோட்டில் மூஸ் மான் நின்றது என்பார்கள். “கொம்பு எத்தனை முழம்?” என்று ஜெரால்டு கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தோடு சரி. அதை அவன் ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் அது சங்கடம்தான். ஒருமுறை கனைத்தான்.

அதிகாரி கேட்டாள். “ஐயா, இத்தனை தடவையும் மூஸ் மான் குறுக்க வந்துச்சா?”

“ஒரு தடவை வந்துச்சுங்க.”

“மத்த தடவை?”

“வரலைங்க.”

“அப்போ பொய்க் காரணம் சொன்னீங்களா?”

“பொய்னு இல்லைங்க. எல்லாரும் சொல்றதுதான்.”

“சரி. நிஜமான காரணம் என்ன? யோசிச்சு, நிதானமாச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்.”

உண்மையாகவே காத்திருந்தாள். சுவர்க் கடிகாரம் கேட்டது. டார்லீன் பக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“காலையில நான் கொஞ்சம் மெதுவுங்க” என்றேன்.

தீர்ப்பு தபாலில் வருமாம். கோராவுக்கு ஒரு பல் முளைத்திருக்கிறது.

லியோ


ஃபோர்ட் கென்ட்
28 அக்டோபர் 2004

லியோ,

நீயா மெதுவு? நம் அப்பாவுக்கு முன்னால் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டவன் நீ. கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த வரியில் வந்து நின்றுவிடுகிறேன். அந்தப் பெண் உனக்காகக் காத்திருந்தாளே! விடை தெரிந்திருந்தும் தாளை வெறுமையாகக் கொடுக்கும் மாணவனுக்கு எந்த ஆசிரியராலும் மதிப்பெண் போட முடியாது. கருணை உள்ளவராலும் முடியாது.

டார்லீன் இருந்ததால் கூச்சமா? அவள் குடும்பத்துக்கு நம் மேல் வன்மம் இருப்பது உண்மைதான். கோராவைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் தம்பி வழக்குப் போட்டிருக்கிறான் என்று ஜோஸ்லின் தொலைபேசியில் சொன்னாள். அதற்கும் உன் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

தீர்ப்பு எதிராக வந்தால் பதினைந்து நாளுக்குள் மேல் ஆணையத்துக்கு எழுதலாம். பதினைந்தே நாள். தாள் கையில் கிடைத்ததும் எனக்குத் தெரிவி. நான் எழுதித் தருகிறேன், நீ காரணத்தை மட்டும் சொல்.

கோபத்தில் நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். நலமா?

அக்கா


ஃபோர்ட் கென்ட்
14 நவம்பர் 2004

அன்புத் தம்பிக்கு,

பதில் இல்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. ஜோஸ்லினிடம் கேட்டால், “மாமா நல்லாத்தாம்மா இருக்காரு” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போகிறாள். தீர்ப்பு வந்ததா? இரண்டு வரியாவது எழுது.

அக்கா


கோல்ட் புரூக்
28 நவம்பர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். தொலைபேசியை எடுக்காததற்குக் காரணம், பகல் முழுவதும் காட்டில் இருக்கிறேன். வாசற்கதவில் மாட்டும் கிறிஸ்துமஸ் வளையம் கட்டும் கொட்டகையில் வேலை. ஃபர் மரக் கிளைகளின் நுனியை ஒடித்துக் கொண்டுவந்து கம்பி வளையத்தில் கட்ட வேண்டும். மூன்று நல்ல உறைபனி விழுந்த பிறகுதான் ஒடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசிகள் உதிர்ந்துவிடும். விரலெல்லாம் பிசின். எத்தனை கழுவினாலும் போவதில்லை. கட்டிய எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் எத்தனை மணிக்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

தீர்ப்பு அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதியே வந்தது. மறுப்புதான். “பலமுறை எச்சரித்தும் நியாயமான காரணம் எதையும் கூறவில்லை” என்று எழுதியிருக்கிறது. சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். பதினைந்து நாள் முடிந்துவிட்டது. உனக்கு எழுதினால் நீ விடமாட்டாய் என்றுதான் எழுதவில்லை.

வருத்தப்படாதே. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மரம், கம்பி, மரம், கம்பி. நாள் போய்விடுகிறது. வசந்தத்தில் வீட்டை என்ன செய்வது என்று யோசிக்கலாம்.

லியோ


பாங்கர்
12 டிசம்பர் 2004

அம்மாவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நானும் கோராவும் நலம்.

வியாழக்கிழமை கோர்ட்டில் முடிந்தது. கோரா என்னிடமே இருப்பாள். அது முடிந்ததால்தான் இதை எழுத முடிகிறது. நேரில் சொன்னால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் எழுதுகிறேன்.

உன் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு உன் அலமாரியிலிருந்து வலி மாத்திரையை எடுத்தேனே, அன்றைக்கு நீ சொன்னதைக் கேட்டு நான் நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் வேறு இடங்களில் வாங்கினேன். வண்டி ஓட்டும் உரிமமும் அதில்தான் போனது. போன பிப்ரவரியில் மாமாவிடம் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

இந்த ஊரில், போதையை விடுகிறவர்களுக்கென்று ஒரு மருந்தகம் இருக்கிறது. தினமும் காலையில் வரிசையில் நின்று, அந்த மாத்திரைக்குப் பதிலாகத் தரும் மருந்தை ஒரு சின்னக் கோப்பையில் அவர்கள் முன்னாலேயே குடிக்க வேண்டும். ஐந்தரைக்குத் திறப்பார்கள். அப்போது கோல்ட் புரூக்கில் மாமாவின் பக்கத்து அறையில்தான் நானும் கோராவும் இருந்தோம். ஆகஸ்ட் கடைசியில்தான் இங்கே வீடு பார்த்து வந்தோம். வரிசை நீளமாக இருக்கும் நாளில், மாமா என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஆலைக்குப் போவதற்குள் சங்கு ஊதிவிடும்.

விசாரணைக்கு முந்தின நாள் அவரிடம் கெஞ்சினேன். “மாமா, சொல்லிடுங்க. நான் வேணும்னா லைன்ல வந்து சொல்றேன்.” அவர், “டார்லீனும் லைன்ல இருப்பாடி. சாயங்காலத்துக்குள்ள அவ தம்பி வக்கீல் காதுக்குப் போயிரும். உன் கேஸ் முடியட்டும்” என்றார். உன்னிடமாவது சொல்லலாமா என்றேன். “ஒடெட் சொன்னா சொன்னதுதான். நீ முதல்ல நேரா நில்லு” என்றார்.

இங்கே வந்த பிறகும் காலையில் கோராவைப் பார்த்துக்கொள்ள அவர் தினமும் வருகிறார். ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி வரிசைக்குப் போவது? பத்து மாதமாக வேறெதுவும் எடுக்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை அம்மா.

ஜோஸ்லின்


ஃபோர்ட் கென்ட்
5 ஜனவரி 2005

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். ஜோஸ்லினின் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அவளுக்குப் பதில் எழுதத் தொடங்கி நான்கு தாள் கிழித்தேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான்.

நேற்று மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனேன். கெடு தாண்டிய மேல்முறையீட்டை எடுப்பார்களா என்று கேட்டேன். அதே பெண்தான்.

“சில சமயம் எடுப்பாங்கம்மா. தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தா போதும். இருக்கா?”

“இருக்கு.”

“சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருத்தி என்னிடம் படித்தவள், வணக்கம் கூடச் சொன்னாள். எல்லாம் நாக்கு வரை வந்தது. என் மகள், மாத்திரை, வரிசை, கோப்பை. “ஒண்ணுமில்லம்மா, இன்னொரு நாள் வரேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் கையுறையை அங்கேயே விட்டுவந்தது தெரிந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. வளைய வேலையும் முடிந்திருக்குமே. இப்போது என்ன செய்கிறாய்?

அக்கா


கோல்ட் புரூக்
11 ஜனவரி 2005

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வளைய வேலை முடிந்தது. வடக்கே மரம் வெட்டும் முகாம் ஒன்றில் சமையலுக்கும் இயந்திரம் பார்க்கவும் ஆள் கேட்டார்கள். மூன்று வாரம் அங்கேயே தங்க வேண்டும், ஒரு வாரம் வீடு. காலையில் ஜோஸ்லினுக்கு ஆள் வேண்டுமே என்று முடியாது என்றேன். மாதக் கடைசி வரை காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீ வருவதாக இருந்தால் சில விஷயங்கள். இந்தக் குளிரில் அவள் பேருந்து நிறுத்தத்தில் நிற்க முடியாது, மருந்தகத்துக்கு வண்டியில்தான் கூட்டிப்போக வேண்டும். கோராவைப் போர்வையோடு தூக்கிப் பின் இருக்கையில் படுக்க வைத்துவிடலாம், விழிக்க மாட்டாள். பாலத்துக்கு அடுத்த வளைவில் எப்போதும் பனி உறைந்திருக்கும். போகும்போது ஜோஸ்லினிடம் பேச்சுக் கொடுக்காதே. வரும்போது அவளே பேசுவாள். வானிலை, பள்ளிக்கூடம், எது பேசினாலும் கேட்டுக்கொள். நீ வராவிட்டாலும் பரவாயில்லை.

லியோ


கோல்ட் புரூக்
2 பிப்ரவரி 2005

அன்புத் தம்பி லியோவுக்கு,

உன் வீட்டு மேசையில் உட்கார்ந்து உனக்கே எழுதுகிறேன். முகாமில் குளிர் எப்படி? இரத்த அழுத்த மாத்திரையைக் குளியலறையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இதோடு தபாலில் வருகிறது. கோராவும் ஜோஸ்லினும் மறுபடி பக்கத்து அறைக்கு வந்துவிட்டார்கள். என் முட்டியை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டுப் படி ஏற முடியாது என்று நான்தான் சொன்னேன். அது அவளுக்குக் கௌரவமாக இருக்கட்டும் என்று அப்படிச் சொன்னேன்.

நேற்றுதான் முதல் நாள். உன் வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். நான் வண்டியிலேயே இருப்பதாகத்தான் ஏற்பாடு. கோரா பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். வரிசை கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் வரை போயிருந்தது. ஜோஸ்லின் என் கண்ணெதிரே, வாசலுக்குச் சற்று முன்னால் நின்றாள். கையை அக்குளில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல். நான் நினைத்து வைத்திருந்த மாதிரி இல்லை அங்கே இருந்தவர்கள். செவிலி உடையில் ஒருத்தி. மீன்பிடிக் காலணியோடு ஒருவன். என் வகுப்பின் எந்த வரிசையிலும் உட்கார்ந்திருக்கக் கூடியவர்கள்.

அவள் தொப்பியை இருக்கையிலேயே விட்டுப் போயிருந்தாள். கொடுக்கலாம் என்று இறங்கினேன். பனியில் நிதானமாகக் கால் வைத்து அவள் அருகே போவதற்குள், பின்னால் நின்ற ஒரு பெரிய ஆள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“பாத்தும்மா, வழுக்கும். மொத தடவையா?”

நானும் மருந்து குடிக்க வந்தவள் என்று அவன் நினைத்துவிட்டது எனக்குப் புரிந்தது. ஜோஸ்லின் திரும்பினாள். அவள் வாய் திறப்பதைப் பார்த்தேன். என் சார்பில் விளக்கம் சொல்லப் போகிறாள்.

“ஆமாப்பா” என்றேன். “மொத தடவைதான்.”

“ஒரு வாரந்தான் கஷ்டம். அப்புறம் பழகிரும். இப்படி முன்னாடி வந்து நின்னுக்கங்க, காத்து அடிக்காது.”

எனக்கு இடம் விட்டு ஒரு அடி பின்னால் போனான். நான் ஜோஸ்லினுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் தொப்பியை வாங்கி என் தலையில் மாட்டிவிட்டாள். வரிசை நகர்ந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
ஒடெட்